அறுவைக்குப் பிறகும் அதே கிலோவா?

பெருந்தோட்ட நிர்வாகத்தினருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும்,

வணக்கம். அடுத்த சம்பளப் பேச்சில் நாள் சம்பளத்தோடு இன்னொன்றையும் பேசுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வரும் பெண்ணுக்கு, கை தேறும்வரை பறித்த தேயிலைக் கொழுந்தின் கிலோவைப் பார்க்காமல் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட வேண்டும்.

காரணம் இருக்கிறது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ கண்டி ஆஸ்பத்திரியிலோ அறுவை செய்யும்போது பலருக்கு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுகிறார்கள். கையிலிருந்து நிணநீர் வடிகிற வழியே அதுதான். வழி கெட்டால் நீர் தேங்கிக் கை வீங்கும். அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். கதிர்ச்சிகிச்சையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். அதுவும் உடனே வருவதில்லை. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், சிலருக்கு அதற்கும் அப்புறம். தையல் பிரித்தாயிற்று, கொழுந்து பறிக்க மலைக்கு வரலாம்தானே என்று கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

வீக்கமாவது கண்ணுக்குத் தெரியும். வலி தெரியாது. அக்குள் வழியாகப் போகும் தோல் நரம்பு அறுவையில் அடிபட்டால் மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகும், எரியும், சேலை பட்டாலே சுள்ளென்னும். என் சித்திக்கு இப்படித்தான். வேலைக்கு வராமலிருக்கச் சாக்கு என்றார் கங்காணி. டிஸ்பென்சரியில் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்தார்கள். நரம்பு வலிக்குப் பனடோல் அவ்வளவாகக் கேட்காது. அதற்கென்று அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, வைத்தியர் பார்த்துத் தர வேண்டியவை. மேற்பார்வைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் மார்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு வெறும் கைவலி என்கிறார்கள் பெண்கள். கிளினிக் துண்டைக் காட்டினால் போதும், வேறு விளக்கம் கேட்கக் கூடாது என்று ஆக்குங்கள்.

கையை அசைக்காமல் வீட்டில் வைத்திருக்கச் சொல்லவில்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று 2009இல் வெளிவந்த ஆய்வே காட்டியது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. திரும்பி வந்த முதல் நாளே 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டு, குறைந்தால் அரைப் பேர் போடுவது அந்தக் கணக்கில் வராது. கொழுந்து பறிப்பது இரண்டு கைக்கும் வேலை. அப்புறம் நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை ஏற வேண்டும். கை தேறும்வரை கொடுக்க, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலும் தேயிலைக் கன்று வளர்க்கும் நர்சரியிலும் இலேசான வேலை இல்லையா என்ன?

அட்டைக்கடி, தேயிலை வாது (கிளை) கீறல், குளவிக்கொட்டு எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. வீங்கிய கைக்கு அவை சாதாரணமில்லை, கிருமி புகச் சின்னக் கீறல் போதும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே அன்டிபயோடிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் தோட்டத்து வாகனம் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதிக்காகக் காத்து நிற்கக் கூடாது. வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான ஸ்லீவ் அளவெடுத்து வாங்க வேண்டியது, ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். மழையில் நனைந்ததையே நாள் முழுக்கப் போட்டிருந்தால் தோல் ஊறிப்போகும். ஆளுக்கு இரண்டு வேண்டும், செலவைத் தோட்டம் ஏற்க வேண்டும்.

சுகாதார அமைச்சுக்கும் ஒரு வார்த்தை. யானைக்கால் நோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அந்த நோய் இருந்த மேல், தென், வடமேல் மாகாணங்களில் வீங்கிய காலைக் கழுவிப் பராமரிக்கவும் பயிற்சி செய்யவும் சொல்லிக்கொடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். அதுவும் நிணநீர் தேங்கி வருகிற வீக்கம்தான், ஆகவே கைக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய அதே பராமரிப்புத்தான். அவர்களைக் கொண்டு நுவரெலியா, பதுளைத் தாதியருக்கும் தோட்ட டிஸ்பென்சரிக்காரர்களுக்கும் பயிற்சி கொடுங்கள்.

உங்கள் பதிலைக் கொழும்பில் அறிக்கையாக விடாமல், தமிழில் எழுதி ஒவ்வொரு மடுவத்திலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை