இரவு இரண்டு மணிப் படபடப்பு

கும்பகோணம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்வதாகவும், "இன்றைக்கு ஏதோ ஆகிவிடும்" என்ற நினைப்பிலேயே பொழுது விடிவதாகவும் நீ எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வயதானால் அப்படித்தான் என்று உன் மகன் சொன்னதை நான் ஒப்பமாட்டேன்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பயமாக இருக்கிறது என்று சொன்ன முதியவர்கள் மிகச் சிலர். கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது, வயிற்றை என்னவோ செய்கிறது என்றுதான் சொல்வார்கள். உன்னைப் போல இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் இதே படபடப்பும் வியர்வையும் நடுக்கமும்தான் வரும். ஆகவே அடுத்த முறை விழிப்பு வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார். குறைந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். சரியாக இருந்தும் படபடப்பு வருகிறதென்றால் இசிஜியும் தைராய்டும் பார்த்துவிடச் சொல். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. சர்க்கரை இறங்கிவிடுமோ என்று அஞ்சி இரவு ஊசியைத் தானாகவே குறைத்துக்கொள்பவர்களையும், படுக்கும்முன் கூடுதலாக இரண்டு இட்லி சாப்பிடுபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறியிருப்பதைப் பார்த்து, நடந்ததை அறியாத மருத்துவர் ஊசியின் அளவைக் கூட்டுவார்; அதை முழுதாகப் போட்ட நாளில் சர்க்கரை உண்மையாகவே இறங்கும்; பயம் முன்னைவிட வலுக்கும். நீ நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டதாக எழுதியதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. எனவே அளவுகளோடு, பயந்து எதையெல்லாம் மாற்றினாய் என்பதையும் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்.

பக்கத்து வீட்டுக்காரர் தரும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை வேண்டாம். நம் வயதில் அது தள்ளாட்டத்தையும் மறதியையும் கொண்டுவரும். இரவில் கழிப்பறைக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படும் பாடு உனக்குத் தெரியாததல்ல. ஏற்கெனவே தினமும் போட்டுவருகிறாய் என்றால் திடீரென நிறுத்தாதே, மருத்துவர் சொற்படி குறைக்க வேண்டும். பேசியே பதற்றத்தைத் தணிக்கும் சிகிச்சை முதியவர்களுக்கும் பலன் தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வருகிறவர்கள் தூக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

மாசி மகத்துக்கு வருவது சந்தேகம் என்று எழுதியிருக்கிறாய். பயணத்தைத் தள்ளிப்போடாதே; கீழ்ப்படுக்கை பதிவு செய்து, மீட்டரையும் கொஞ்சம் சர்க்கரையையும் பையில் வைத்துக்கொண்டு தங்கச்சியோடு புறப்பட்டு வா. ரயில் நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்