சுவரில் நான்கு வில், கையில் ஒன்று

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. சியோலில் உன் சின்ன அறையின் சுவரில் நான்கு வில்லை வரிசையாக மாட்டியிருக்கிறாய். கொரிய வில், துருக்கி மாதிரியில் ஒன்று, மங்கோலிய மாதிரியில் ஒன்று, அப்புறம் மரக் கைப்பிடி வைத்த அமெரிக்க ரிகர்வ் (முனைகள் முன்பக்கம் வளைந்த வில்). பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஐந்தாவதாகக் கொம்பு வில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, ஒரு நாள் விழுந்த இடத்தில் மறுநாள் அம்பு விழுவதில்லையே, ஏன்மா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார். அங்கே கொரிய வில் மைதானத்தில் எல்லோருக்கும் ஒரே தூரம், 145 மீட்டர். இலக்குப் பலகை 2 மீட்டர் அகலம், 2.67 மீட்டர் உயரம். பக்கத்தில் போய் நின்றால் ஆளை விழுங்கும் அளவுக்குப் பெரியது. எய்யும் இடத்திலிருந்து கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் அதை மறைத்துவிடும். உன் அம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டு, காற்றுத் தடையை விட்டுவிட்டு, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே இலக்கில் அம்பு 60 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. நாணை அரை அங்குலம் குறைத்து இழுத்தால் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். அரை அங்குலம் குறைய பெரிய தப்பு எதுவும் நடக்க வேண்டாம். நாலாவது அம்பில் தோள் கொஞ்சம் தளர்ந்தால் போதும்.

இப்போது நீயே யோசி. வார நடுவில் துருக்கி வில், சனிக்கிழமை கொரிய வில், மறுநாள் மங்கோலிய வில் என்று மாற்றி மாற்றி எய்கிறாய். அம்பு கீழே போகிறது. தோள் தளர்ந்ததா, நாண் நீண்டுவிட்டதா, கைப்பிடியின் பருமனா, அம்பின் விறைப்பு அந்த வில்லுக்குப் பொருந்தவில்லையா? யாராலும் சொல்ல முடியாது, உன் குருவாலும் முடியாது. ஒரே வில், ஒரே கட்டு அம்பு என்றால் சந்தேகப்படுவதற்கு மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். அப்போதுதான் திருத்த முடியும்.

அமெரிக்க வில்லை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, கவனித்தாயா? அது உன்னைக் கெடுக்காது. மூன்று விரலால் இழுக்கிறாய், அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கிறது, கை வாயோரத்தில் வந்து நிற்கிறது. கொரிய வில்லில் கட்டைவிரலில் வளையம் மாட்டி இழுக்கிறாய், அம்பு வலப்பக்கம், கை காதைத் தாண்டிப் போகிறது. கையில் எடுத்த நொடியே உடம்புக்குத் தெரிந்துவிடும், இது வேறு வேலை என்று. தொல்லை அந்த மற்ற இரண்டில்தான். துருக்கி, மங்கோலியம் இரண்டும் கட்டைவிரலால் இழுப்பவை, அம்பு அதே வலப்பக்கம்தான். ஆனால் கைப்பிடியின் வடிவம் வேறு, இழுக்கும் நீளம் கொஞ்சம் வேறு, மங்கோலிய வில்லின் நீண்ட முனைகள் கனமான அம்பைக் கேட்கும். வித்தியாசம் கொஞ்சமாக இருப்பதால் கை ஏமாந்துவிடுகிறது. கொரிய வில்லைக் கீழ் மூன்று விரலால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றாயே, துருக்கி வில்லில் ஒரு மாலை முழுக்க எய்துவிட்டு வந்து அதே பிடியைப் பிடித்துப் பார். விரல்கள் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். உனக்குத் தெரியவும் தெரியாது.

என் கருத்து இதுதான்: இரண்டு வில் வைத்திருந்தால் அவை அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் கைக்குச் சந்தேகமே வராத அளவுக்கு வேறாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் கெடுக்கிறது.

என்னிடமும் இரண்டு உண்டு என்று நீ சொல்வாய். உண்டு. 38 பவுண்ட் இழுவிசை உள்ள யூ மர வில்லும், தோள் வலி வந்த வருடம் வாங்கிய 28 பவுண்ட் வில்லும். நீளம், கைப்பிடியில் சுற்றிய தோலின் பருமன், நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் ஒன்றுபோலச் செய்து தரச் சொல்லி வாங்கினேன். இழுவிசை மட்டும் குறைவு. பத்துக் கெஜத்தில் வைக்கோல் மெத்தை முன்னால் நின்று, அம்பு எங்கே போகிறது என்ற கவலையே இல்லாமல் தோளை மட்டும் கவனிப்பதற்கு அது. நீ கேட்டால் இப்படி ஒன்று வாங்கித் தர எனக்குச் சந்தோஷம்தான். உன் கொரிய வில்லின் அதே மாதிரியில், பத்துப் பவுண்ட் குறைவாக.

பெரிய வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவிடு. யூ மரத்தில் வெளிப் பக்கம் வெளிறிய இளமரம், உள்ளே காவி நிறத்தில் வைரம் பாய்ந்த நடுமரம். இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் இளமரம் நீண்டு கொடுக்கிறது, என்னைப் பார்க்கும் பக்கத்தில் வைரம் அமுங்கித் தாங்குகிறது. கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே ஒரு கணு இருக்கிறது. வில் செய்தவர் அந்த இடத்தில் மட்டும் மரத்தைக் கொஞ்சம் தடிப்பாக விட்டிருக்கிறார், விரலை ஓட்டினால் சின்ன மேடு தட்டும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று தடவை பாதி வரை இழுத்துச் சூடாக்கிவிட்டுத்தான் முழுதாக இழுப்பேன். வெயில் காலத்தில் மரம் தளர்ந்துவிடும். ஹெரிஃபோர்ட் என்ற போட்டிச் சுற்றில் 144 அம்பு எய்ய வேண்டும்: 80 கெஜத்தில் ஆறு டஜன், 60-இல் நாலு, 50-இல் இரண்டு. ஜூலையில் அந்த முதல் ஆறு டஜனுக்கு அம்பு முனையை வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைப்பேன், வெயில் எவ்வளவு என்று பார்த்து. எங்கள் வில்லில் குறி பார்க்கும் கருவி கிடையாது, உன் வில்லிலும் கிடையாது. இதையெல்லாம் யாரும் எழுதித் தரவில்லை. பல வருடம் இதே வில்லோடு நின்றதால் கைக்குத் தெரிந்தது. மாற்றி மாற்றி எய்திருந்தால் ஜூலை மாதத்து அம்பு ஏன் தாழ்கிறது என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது.

போர்ட்ஸ்மவுத்தில் மேரி ரோஸ் கப்பலைப் பார்த்தபோது நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே வந்த அந்த ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட முழு வில் கிடைத்தன, பல பெட்டிகளில் அடுக்கியபடியே. 'வில்லாளிகள் பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துப் போயிருப்பார்கள், ஒரே வில் என்பதெல்லாம் நம் ஆசைதான்' என்றாய். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் துருக்கி வில் ஒன்று, மங்கோலிய வில் ஒன்று என்று இருக்கவில்லையே. எல்லாம் யூ மரம், எல்லாம் நல்ல ஆளுயரம், அதற்கும் மேல். பலத்தில் வித்தியாசம் உண்டு, வகையில் இல்லை. சிறு வயதிலிருந்து அந்த ஒரு வகையிலேயே பழகி வந்தவர்கள் அவர்கள்.

சரி, கொம்பு வில். எருமைக் கொம்பு, மாட்டுத் தசைநார், மூங்கில், முசுக்கட்டை மரம்; ஒட்டுவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசை. உலகத்தில் மனிதக் கை செய்த நல்ல பொருள்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. சியோலின் மழைக்காலத்தில் வில் தளர்ந்துபோகும். அதனால்தான் வில் மன்றங்களில் சூடான பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் வந்திருந்தபோது இன்வாங் மலையடிவாரத்தில் ஹ்வாங்ஹாக்ஜோங் வில் மன்றத்துக்குக் கூட்டிப் போனாயே, 1898-இல் கோஜோங் மன்னர் அரண்மனைக்குள் தொடங்கி 1922-இல் அங்கே மாற்றினார்கள் என்றாயே, அங்கே ஒரு பெரியவர் நாணேற்றியதைப் பார்த்தோம். வில்லை அனலில் காட்டுகிறார், மடியில் வைத்து வளைக்கிறார், நாணேற்றிவிட்டுத் தூக்கிப் பிடித்து வில்லின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார், ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டால் காலால் மிதித்துச் சரிசெய்கிறார். எய்வதற்கு முன்பே அவ்வளவு வேலை. அந்த வில் காலையில் ஒரு வில், மாலையில் ஒரு வில். உன் கை ஒரு நிலைக்கு வராதபோது வில்லும் மாறிக்கொண்டே இருந்தால் நீ எதைப் பிடித்துக்கொள்வாய்? ஐந்தாம் டான் என்ற தகுதிநிலையிலிருந்து கொம்பு வில்லும் மூங்கில் அம்பும் கட்டாயம் என்று விதியே இருக்கிறது. அதுவரை பெரும்பாலானோர் எய்வது உன்னிடம் இருப்பதைப் போன்ற செயற்கை இழை வில்லில்தான். இப்போதைக்கு அந்தப் பெரியவரிடம் போய், நாணேற்றும்போது பக்கத்தில் நின்று உதவட்டுமா என்று கேள். வாங்குவதற்கு முன்னால் அந்த வேலை கைக்கு வரட்டும்.

பல வில் வைத்திருப்பவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் கிளப்பில் ஒருவரிடம் பதினைந்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் யார் செய்தது, எந்த மரம் என்று மணிக்கணக்கில் சொல்வார். வில் என்ற பொருள்மேல் அவருக்கு அன்பு. இலக்கில் எங்கே விழுகிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம், அப்படியே சொல்லவும் செய்வார். நீ அப்படி இல்லை. ஐந்து அம்பும் இலக்கில் படும் ஒரு சுற்றுக்காக, அந்த மோல்கிக்காகக் காத்திருக்கிறாய். மோல்கி அடித்தால் ஜொப்ஜாங் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அந்த ஆசை இருப்பவன் இப்போது சிதறக் கூடாது, கண்ணு.

ஆகவே துருக்கி வில்லையும் மங்கோலிய வில்லையும் நாண் கழற்றி உறையில் போடு. மோல்கி வரும்வரை தொடாதே. விற்க வேண்டாம், ஆசைப்பட்டு வாங்கியது. அமெரிக்க வில்லை விடுமுறையில் நண்பர்களோடு எடுத்துக்கொள், அது உனக்கு ஓய்வு. கொரிய வில்லோடு மட்டும் மைதானத்துக்குப் போ. அங்கே வயதானவர்கள்கூட 'வில் கற்கிறேன்' என்று சொல்லிவிட்டுத்தானே அன்றைய முதல் அம்பை எடுக்கிறார்கள். ஐந்து அம்பு முடிந்ததும் எது தாழ்ந்தது, எது இடப்பக்கம் போனது, அன்று காற்று எப்படி, தோள் எப்படி என்று ஒரு சின்ன நோட்டில் எழுது. நாலு வாரம் கழித்து வில் படம் வேண்டாம், அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. நானும் பார்க்கிறேன். எங்கே தாழ்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அப்பா விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: உறையில் போட்ட வில்களைத் தரையில் வைத்துவிடாதே. உங்கள் ஊர் வீட்டில் தரையையே சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுப்போகலாம். சுவரிலேயே இருக்கட்டும், ஜன்னல் வெயில் படாத பக்கமாக.