முக்காட்டை எடுக்கச் சொன்ன உங்கள் ஊழியர் மீது புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: மறைந்த தந்தையின் சிம்மைத் தாயார் பெயருக்கு மாற்றாமல் அலைக்கழித்து அவமதித்தது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினால் "கடைக்கு நேரில் போங்க" என்கிறார்கள். கடைக்குப் போனால் "உதவி எண்ணுக்குப் பேசுங்க" என்கிறார்கள். மூன்று புகார் எண்கள் கையில் இருக்கின்றன, பதில் ஒன்றுகூட வரவில்லை.

வாப்பா மௌத்தாகி ஆறு மாதம் ஆகிறது. அவர் 18 வருடம் வைத்திருந்த எண்ணை உம்மா பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார் எல்லாம் முதல் நாளே கொடுத்துவிட்டேன். போட்டோ மட்டும்தான் பாக்கி என்றார்கள். கணவர் மௌத்தான பின் வீட்டோடு இருக்கும் இத்தாவை நாலு மாதம் பத்து நாள் இருந்த உம்மா, அது முடிந்து முதன்முதலாக வாசற்படி இறங்கியதே உங்கள் தூத்துக்குடி கடைக்குத்தான்.

அங்கே கவுண்டரில் இருந்தவர் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் "சொல்லுங்க மேடம்" என்றார். என் உம்மாவிடம் "ஏய் பாட்டி, அந்தத் துணியை எடு, முடி தெரியணும்" என்றார். கடை நிறைய ஆட்கள். உம்மா வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. முகம் முழுக்கத் திறந்துதான் இருந்தது, ஐயா! அவர் கையில் வைத்திருந்த ஆதார் அட்டையிலும் இதே முக்காடுதான். மக்காவுக்கு உம்ரா பயணம் போக எடுத்த பாஸ்போர்ட்டிலும் அதேதான். மத வழக்கப்படி தலையை மூடியிருக்கலாம், தாடையிலிருந்து நெற்றி வரை முகம் தெரிந்தால் போதும் என்பது பாஸ்போர்ட் விதி. அரசாங்கத்துக்குத் தேவைப்படாத முடி உங்கள் சிம்முக்கு எதற்கு? படம் எடுக்கும்போது உங்கள் செயலி கண்ணைச் சிமிட்டத்தானே சொல்கிறது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?

நான் கேட்டதற்கு "கர்நாடகாவுலயே தடை போட்டாச்சு" என்றார். அந்த ஹிஜாப் தடை 2022இல் பள்ளி, கல்லூரிச் சீருடைக்காகப் போட்ட உத்தரவு. அதிலும் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். சிம் வாங்க வந்த அறுபத்தெட்டு வயது மனுஷிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இது மூன்றாவது நடை. முதல் நடையில் சர்வர் இல்லை, இரண்டாவதில் மேனேஜர் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஆத்தூர் தாண்டும் வரை உம்மா வாய் திறக்கவில்லை. அப்புறம் "அந்த நம்பரே வேண்டாம்" என்றார். ஜித்தாவிலிருந்து தம்பி கூப்பிடுவது அந்த எண்ணுக்குத்தான். அது போனால் எங்களுக்கு வாப்பா இரண்டாவது தடவை மௌத்தான மாதிரி. எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

எங்கள் ஊரில் மீன் கொண்டுவரும் அக்கா கும்பிடுகிறவர், நாங்கள் தொழுகிறவர்கள். இருந்தும் உம்மாவை "வாங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். துப்பட்டியைப் பார்த்ததும் மரியாதை குறைவது உங்கள் கவுண்டரில்தான்.

உங்கள் மீது மதிப்பு இருப்பதால் தயவாகவே கேட்கிறேன். அந்த ஊழியர் உம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முக்காட்டோடு வீட்டுக்கே வந்து படம் எடுக்க வேண்டும். பதினைந்து நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுவேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். கடைக்குள் மதத்தைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவையும் மனுவில் எழுதுவேன்.

அதுவரை அந்த எண்ணைத் துண்டித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காயல்பட்டினம்