ஒன்றா, ஐந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெண்களின் எலும்புத் தேய்மானம் பற்றிப் படித்தேன். பால், முருங்கைக்கீரை, நடைப்பயிற்சி எல்லாம் வந்திருந்தது. 'சினைப்பையை எடுத்திருக்கிறார்களா?' என்ற கேள்வியைத்தான் காணோம். என் மணிக்கட்டு முறிந்தபோது எலும்பு டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

எனக்கு வயது 64. வளவு வாசலில் மழைத்தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன், அவ்வளவுதான். "கர்ப்பப்பையை எடுத்தாச்சு, 26 வருஷம் ஆகுது" என்றேன் டாக்டரிடம். "சரிங்க, சினைப்பை?" என்றார். முழித்தேன். எல்லாம் ஒரே பை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைக் குடைந்ததில் பழைய டிஸ்சார்ஜ் ஷீட் அகப்பட்டது. நர்சிங் படிக்கும் மகள் வயிற்றுப் பேத்தி வாசித்துவிட்டு, "ஆயா, 'டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ.'ன்னு இருக்கு. கர்ப்பப்பையோட ரெண்டு குழாய், ரெண்டு சினைப்பை எல்லாத்தையும் எடுத்திருக்காங்க" என்றாள். அப்புறம் மொய் நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் போலக் கர்ப்பப்பை, சுமார் மூன்று அங்குலம். அதன் கீழ்முனைதான் கருப்பை வாய். மேலே இரு பக்கமும் நாலு அங்குலக் குழாய். ஓரத்தில் பாதாம் கொட்டை அளவில் இரண்டு சினைப்பைகள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரப்பது அந்தப் பாதாமில்தானாம். எலும்பு கரையாமல் பார்த்துக்கொள்வதும் அந்த ஹார்மோன்தான். மாதவிலக்கு தானாக நிற்கும் முன்பே இரண்டையும் எடுத்துவிட்டால் தேய்மானம் அப்போதே தொடங்கிவிடும். எனக்கு அப்போது 38. ஆபரேஷன் ஆன மாதத்திலேயே உடம்பு தீயாக எரிந்து, ராத்திரியில் சேலை நனைய வேர்த்தது. சூடு என்று சொல்லி வெந்தயமும் நீராகாரமுமாகக் காலத்தை ஓட்டினேன்.

மருத்துவமனையைக் குறை சொல்ல வரவில்லை. கட்டியும் உதிரப்போக்குமாக இருந்தேன். எடுக்க வேண்டியே இருந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. சீர் சாமானில் ஒரு கரண்டிக்குக்கூடப் பேர் வெட்டி, எண்ணி, நோட்டில் எழுதி வைக்கிற வீடு எங்களது. வயிற்றிலிருந்து போனது ஒன்றா ஐந்தா என்பதற்குத்தான் கணக்கில்லை.

எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று டிஸ்சார்ஜ் ஷீட்டில் தமிழில் இரண்டு வரி எழுதக் கூடாதா? நீங்களும் அந்தப் படத்தைத் தமிழ்ப் பெயர்களோடு ஒரு நாள் போடுங்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது!

இதைக் கேட்டு, தேவகோட்டையில் இருக்கும் என் தம்பி மனைவியும் தன் ஷீட்டைத் தேடி எடுத்தாள். அவளுக்கு 47 வயது. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது கருப்பை வாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். "பையே இல்லை, எனக்கெதுக்கு டெஸ்ட்டு" என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா கூப்பிட்ட போதெல்லாம் தட்டிக் கழித்தவள். கருப்பை வாய் இருக்கிறவரை அங்கே புற்றுநோய் வர வழியுண்டு. அசெட்டிக் அமிலம் தொட்டு வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறார்கள். வெளுத்துத் தெரிந்தால் மேல்பரிசோதனை. வருகிற செவ்வாய்க்கிழமை போகிறாள், துணைக்கு நானும்.

ஓர் ஆச்சி,
கானாடுகாத்தான்.
(பேர் போட வேண்டாம்.)