எச்சிலுக்கு எத்தனை மார்க்?

செல்லூர், மதுரை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல வீம்புக்கு நடக்கிறாயா? எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

தாமதத்துக்குக் காரணம் சின்னவள். உளவியல் முதுகலையில் அவளுக்கு ஒரு ப்ராஜெக்ட். "தமிழ் வாத்தியார் அப்பா எதுக்கு இருக்கார்" என்று ஒரு இங்கிலீஷ் வினாத்தாளைத் தமிழாக்கச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டாள். தொற்றுநோய் தன்னை எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்று ஒருவர் நினைக்கிறார், அதை அளக்கிற தாள். கனடாவில் உளவியல் ஆய்வு செய்த மார்க் ஷாலரும் இன்னும் இரண்டு பேரும் 2009இல் வெளியிட்டது. மொத்தம் 15 வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க் போட வேண்டும்; 1 என்றால் கொஞ்சமும் ஒப்பவில்லை, 7 என்றால் முழுக்க ஒப்புகிறேன். ஏழு வாக்கியம் 'எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்' என்ற நினைப்பைப் பற்றியது, எட்டு வாக்கியம் கிருமி மேலுள்ள அருவருப்பைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். அது சரிதான். தும்மல்கூட வராத ஆள் ரூபாய் நோட்டைத் தொட்டுவிட்டு மூன்று தடவை கை கழுவுவதை நாம் பார்த்ததில்லையா?

மொழிபெயர்ப்பு ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். 'ஊரில் ஒரு நோய் சுற்றினால் எனக்கும் வந்துவிடும்' என்று எழுதி வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது" என்றாள். 'வரும்' என்று வாயால் சொல்ல மாட்டாளாம். 1 போட்டுவிட்டாள். தாளைப் பார்த்தால் அவளைவிடத் தைரியசாலி கிடையாது. ஆனால் அடுத்த வீட்டில் யாராவது இருமினால் முதலில் கஷாயம் வைப்பது அவள்தான். அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்று வேப்பிலை செருகுகிற ஊரில் அந்த வாக்கியத்துக்கு வேறு எப்படிப் பதில் வரும்?

சில வாக்கியங்கள் வேண்டுமென்றே தலைகீழாக இருக்கின்றன. 7 போட்டால் 1 என்று எண்ண வேண்டும். அதில் ஒன்று, நண்பனோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பதில் சங்கடமில்லை என்பது. நம் விடுதி ஞாபகம் வந்துவிட்டது. ஒரே சிகரெட்டை நாலு பேர் இழுத்தோம். ஆனால் பானைச் செம்பை எவனாவது வாயில் வைத்தால் அடி விழும்; அண்ணாந்துதான் குடிக்கணும். நமக்கு எத்தனை மார்க் போடுவது? அந்தச் செம்பில் கிருமி இருக்கிறதா என்று நம்மில் ஒருவன்கூட நினைத்ததில்லை. எச்சில் என்றால் எச்சில், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதைச் சின்னவளிடமும் சொன்னேன். நாம் பையன்களாக உசிலம்பட்டிப் பக்கம் போனபோது அந்த டீக்கடையில் இரண்டு வரிசை டம்ளர் இருந்ததே, நினைவிருக்கிறதா? கூரையில் செருகியிருந்தது யாருக்கு என்று நீதான் கேட்டாய். டீக்கடைக்காரர் பதிலே சொல்லவில்லை. அவரிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் பிறர் போட்ட சட்டை பிடிக்காது என்பதற்கும் பிறரோடு கை குலுக்கியதும் கை கழுவுவேன் என்பதற்கும் 7, 7 என்று போட்டிருப்பார். கூட்டிப் பார்க்கிறவர்கள் 'கிருமிப் பயம் அதிகம்' என்று எழுதிக்கொள்வார்கள். அந்தக் கனடாக்காரர்கள் இந்த வாசலுக்குப் பக்கத்தில் வராமலும் இல்லை. நோய் தன்னைத் தொற்றும் என்று அதிகம் பயப்படுகிறவர்கள் பழக்கமில்லாத நாட்டிலிருந்து குடியேறுகிற அந்நியர்களை அதிகம் ஒதுக்கப் பார்க்கிறார்கள் என்று 2004லேயே எழுதியிருக்கிறார்களாம். ஆனால் நம் டீக்கடைக்காரருக்கு அந்த ஆட்கள் அந்நியர்களா? தினம் அவர் வயலில் இறங்குகிறவர்கள். பயத்தால் வெறுப்பு வந்ததா, வெறுப்புக்குச் சுத்தம் என்று பெயர் வைத்தார்களா என்பதை 1 முதல் 7க்குள் எப்படிப் பிடிப்பது? சின்னவள் "அதை ஆய்வின் குறைபாடுகள் பகுதியில் போட்டுவிடலாம்ப்பா" என்கிறாள். எனக்கு அது போதவில்லை.

என் கணக்கும் நிலையாக இல்லை. 2020இலும் 2021இலும் அழகர் ஆற்றில் இறங்காத சித்திரையில் பயத்தைச் சொல்கிற வாக்கியம் எல்லாவற்றுக்கும் 7 போட்டிருப்பேன்; பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவின ஆள் நான். இப்போது கோரிப்பாளையத்தில் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு வடை தின்கிறேன்.

சரி, தாள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். யோசிக்காமல் நிரப்பி இந்த மாதத்துக்குள் அனுப்பு. பெயர் எழுத வேண்டாம். அப்புறம், உறையை எச்சில் தொட்டு ஒட்டாதே. பிரிக்கப்போவது சின்னவள்.

அன்புடன்,
உன் பங்காளி