செயலாளர் ஆண்டறிக்கை: நம் இணையதளமும் நம் கோப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் மூத்தவர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிக்க இருக்கிறார். சந்தா விவரம், கூட்ட நடவடிக்கைகள், செயற்குழு மாற்றங்கள் ஆகியவை உங்களிடம் கொடுத்த தாளில் இருக்கின்றன. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் என்னிடம் ஒப்படைத்த பெரிய வேலை ஒன்றுதான்: சிறு தொழில் செய்யும் நம் உறுப்பினர்களின் இணையதளத்தையும் இணையவழி ஆவணப் பகிர்வையும் சங்கம் கவனிக்க வேண்டும் என்பது. ஆண்டு முழுக்க அதற்காகத்தான் அலைந்தேன். அதனால் அறிக்கையும் அதைப் பற்றியே.

மனதை மிகவும் வருத்திய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பல வருடங்களாக நடத்திவந்த இணையதளம் ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. விசாரித்தால், டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, காலாவதி ஆகியிருந்தது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அந்தப் பெயரைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்து வைத்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்போது அதுதான் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்த மின்னஞ்சலைத் திறப்பதையே விட்டுவிட்டார். .காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு வகுத்த விதி இதில் தெளிவாக இருக்கிறது. காலம் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போது ஒரு முறை, ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முறை, முடிந்த 5 நாட்களுக்குள் இன்னொரு முறை என்று பதிவு நிறுவனம் நினைவூட்டியாக வேண்டும். ஆனால் அந்தக் கடிதங்கள் போய்ச் சேரும் முகவரியில் படிக்க ஆள் இல்லை.

பெயர் நீக்கப்பட்ட பிறகும் மீட்டெடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் தளம் அமைத்தவரைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாகவே பெயரை மீட்டோம். மீட்புக் கட்டணம் வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அண்ணன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என் தொழிலோட பேரை நானே இன்னொருத்தர்கிட்ட கேட்டு வாங்கணுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்குப் பிறகுதான் உறுப்பினர்களின் டொமைன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. பதிவு யார் பெயரில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எப்போது முடிகிறது, தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தால் அதில் கொடுத்திருக்கும் அட்டை இன்னும் செல்லுமா என்று பார்த்தோம். கடைசிக் கேள்வியைப் பலர் யோசித்ததே இல்லை. தானியங்கிப் புதுப்பிப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். அட்டை மாறிப் போயிருக்கும். .காம் பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளலாம் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டொமைன் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் விழுந்தால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே விழும், மீட்புக் கடிதம் வருவதற்கு இடம் இருக்காது.

சொந்த டொமைன் எதற்கு, சமூக வலைத்தளப் பக்கமும் இலவசத் தளமும் போதாதா என்று இளம் உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தொடங்குகிறவர்களுக்கு அவை பெரிய உதவிதான். ஆனால் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தள சேவை ஒரு காலத்தில் எத்தனையோ பேருக்கு இணைய முகவரியாக இருந்தது. 2009 அக்டோபரில் ஜப்பான் நீங்கலாக அதை மூடிவிட்டார்கள். கூகுள் தன் வணிகச் சுயவிவரத்தோடு சிறு தொழில்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு எல்லாவற்றையும் மாற்றும் வேலை வந்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறொரு தளத்துக்குத் திருப்பிவிட்டால் போதும், வாடிக்கையாளர் கையில் இருந்த அட்டை செல்லாமல் போகவில்லை. எந்த இலவச வசதியையும் பயன்படுத்துங்கள். வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

பாதுகாப்பான இணைப்பு (பூட்டுக் குறி) விஷயம் சுலபமாக முடிந்தது. 2018 ஜூலையிலிருந்து, தகவலை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறை இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்குத் தேவையான சான்றிதழை 2015 இறுதியிலிருந்தே இலவசமாகக் கொடுத்துவருகிறது. இன்னும் அந்த எச்சரிக்கையோடு இருந்த தளங்களைத் தங்கள் கணினிகளில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களிடம் கேட்டு மாற்றிவிட்டோம்.

அடுத்தது ஆவணப் பகிர்வு. நம் தொழில்களில் நாள்தோறும் கொட்டேஷன், பில், விலைப்பட்டியல், ஒப்பந்தம் என்று கோப்புகள் கைமாறுகின்றன. ஒரே கோப்பு 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும்போது, வாடிக்கையாளர் பழைய விலையைக் காட்டிப் பேசினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கோப்பை ஓரிடத்தில் வைத்து இணைப்பை மட்டும் அனுப்பும் பழக்கத்துக்கு இந்த ஆண்டு பலர் மாறியிருக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அந்த வசதியோடு சில சிக்கல்களும் வந்தன. ஓர் உறுப்பினர் தன் விலைப்பட்டியல் விரிதாளில் கொள்முதல் விலை இருந்த நெடுவரிசையை மறைத்துவிட்டு, கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பினார். மறைத்த நெடுவரிசை அழிந்துபோவதில்லை. பெற்றவர் இரண்டு சொடுக்கில் திறந்துவிடலாம். திறந்தும்விட்டார். அந்தப் பேரம் எப்படி முடிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பட்டை வரைவதும் இதே கதைதான், பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். வெளியே போகும் கோப்பைத் தனியாகத் தயார் செய்யுங்கள். உள்கணக்கை மறைத்து அனுப்பாதீர்கள்.

'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் வெகுநேரம் பேசினோம். இணைப்பு ஒரு சாவி. நீங்கள் ஒருவருக்குக் கொடுத்தால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். விளம்பரத் தாள், பொருள் பட்டியல் போன்றவற்றுக்கு இது சரி. ஊழியர் சம்பளம், வாடிக்கையாளரின் அடையாள ஆவணம் போன்றவற்றுக்குக் கூடவே கூடாது. அவற்றை மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டே பகிர வேண்டும், வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிட வேண்டும்.

கோப்பின் உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள். ஊழியர் தன் சொந்தக் கணக்கில் உருவாக்கிப் பகிர்ந்த கோப்பு, அவருடைய கோப்பு. அவர் கணக்கை மூடினால் அதுவும் போய்விடும். வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவியை வாங்குகிறோம் அல்லவா, அப்போதே உரிமையையும் மாற்றி வாங்க வேண்டும். அப்புறம், கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் மூன்றுக்கும் பொதுவானது. அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகலாம். ஆர்டர் வரவில்லையே என்று சில நாட்கள் கவலையோடு இருந்த ஓர் உறுப்பினரின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, இடத்தை முழுக்கக் குடும்பப் படங்கள் பிடித்திருந்தன.

தமிழ்க் கோப்புகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றுங்கள். அவசரம் என்றால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், போட்டுவிட்டோம், இனி கவலை இல்லை என்று சொல்கிறவர்களுக்கு 2021 மார்ச் 10-ஐ நினைவுபடுத்துகிறேன். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையம் அன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்கள் தளத்தையும் தரவையும் இழந்தார்கள். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போன கோப்பும் 30 நாளில் தானாக அழியும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய முறையைக் கணக்குப் புத்தகத்துக்காவது பின்பற்றுங்கள். மாதம் ஒரு முறை ஒரு கோப்பையாவது நகலிலிருந்து திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்ப முடியாது.

முடிக்காத வேலைகளும் இருக்கின்றன. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு அடையாளமும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லா உறுப்பினர்களுக்கும் அமைத்துத் தர நினைத்தேன், பாதியில் நிற்கிறது. சங்கத்தின் ஆவணங்களே சென்ற ஆண்டு வரை என் சொந்தக் கணக்கில்தான் இருந்தன. அவற்றைச் சங்கத்தின் கணக்குக்கு மாற்றி, தலைவர், பொருளாளர் இருவருக்கும் நிர்வாக உரிமை கொடுத்திருக்கிறேன். செயலாளர் மாறும்போது கடவுச்சொற்களும் உரிமைகளும் கைமாறிய பிறகே பொறுப்பு ஒப்படைப்பு முழுமையடையும் என்ற விதியைச் சேர்க்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான தீர்மானம் தனியாக வரும்.

இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். தன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் செல்போனோடு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், இப்போதே பார்த்துவிடலாம்.

செயலாளர்