தரையும் தெரியட்டும்: திரைப்படச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 1927ஆம் ஆண்டு மௌனப் படமான ‘காலேஜ்’ சென்ற ஞாயிறு காலை எந்தக் கோலத்தில் திரையிடப்பட்டது என்பது அரங்கிலேயே இருந்த தங்களுக்குத் தெரியும். அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்ட படத்தை, இருபுறமும் கறுப்புப் பட்டை விழக் கூடாதென்று அகலத்திரை முழுவதும் நிரப்பியதில், உயரத்தில் கால் பங்கு காணாமல் போயிற்று. தலைகளாவது தப்பட்டும் என்று யாரோ படத்தைக் கீழே இறக்கி வைக்க, அந்தக் கால் பங்கோடு கீட்டனின் கால்களும் போயின.

படிப்பைத் தவிர ஒன்றும் அறியாத மாணவன், காதலுக்காக விளையாட்டு வீரனாகப் பாடுபடும் கதை அது. தடை ஓட்டத்தில் கீட்டன் தடைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே ஓடுகிறார். நாங்கள் கண்டதோ, காரணமின்றிக் குலுங்கியபடி திரையைக் கடக்கும் ஒரு மேலுடம்பு. முன்வரிசைச் சிறுவன் ஒருவன், “அவரு ஏன் தாத்தா நொண்டுறாரு?” என்று கேட்டான். தாத்தாவிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வளவு நேர்த்தியாகத் தோற்பதற்குத் தேர்ந்த உடல் வேண்டும். மாடிச் சன்னலுக்குள் கோலூன்றித் தாவும் ஒரு காட்சிக்கு மட்டும், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லீ பார்ன்ஸ் கீட்டனுக்காகத் தாவினார். மற்றபடி தடுமாறுவதும் விழுவதும் கீட்டனேதான் என்பதற்குத் தலை முதல் பாதம் வரை தெரியும் சட்டகமே, அதாவது வெட்டப்படாத முழுப் படப்பரப்பே, சாட்சி. ஆகவே, படத்தை முழுச் சட்டகத்தில் காட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

ஏழு மணி நேரத் துயரக் காவியம் ஒன்றைத் திரையிட்டபோது, சட்டகத்தின் புனிதம் பற்றி இதே மேடையில் அரை மணி நேரம் உரையாற்றினீர்கள். அழ வைக்கும் படத்துக்குக் கறுப்புப் பட்டை அழகு சேர்க்கிறது. சிரிக்க வைக்கும் படத்துக்கு மட்டும் அது தரித்திரமாகத் தெரிகிறது போலும். பழைய நகைச்சுவைப் படம் என்றாலே குழந்தைகளுக்கு உரியது என்று காலை பத்து மணிக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவன்று.

அடுத்த மாதம் ஹெரால்டு லாயிடின் 1925ஆம் ஆண்டுப் படமான ‘தி ஃப்ரெஷ்மேன்’ வரவிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணியினர் மோதிப் பழகும் பொம்மைக்குப் பதிலாக அவரே நின்று, மீண்டும் மீண்டும் தரையில் வீழ்த்தப்படுகிறார். அந்தத் தரை தெரியும்படி முழுச் சட்டகத்தில் திரையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். புரொஜக்டரைச் சரிபார்க்க அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உதவவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர் ஒருவர்